மொக்கைப் படம் போடக் கூடுகிறீர்களா? ஐந்து வகைகளில் உங்களுக்கு எது?

“சனிக்கிழமை ராத்திரி ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள். சேர்ந்து சிரிக்கிற மாதிரி ஒரு பழைய மொக்கைப் படம் போடலாம் என்று இருக்கிறோம். எதைப் போடுவது?” சினிமா பற்றி எழுதுகிறவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்கிறவர்கள் வீட்டிலேயே இதில் சண்டை நடந்து முடிந்திருக்கும். ஒருவர் விட்டலாச்சார்யா என்பார். இன்னொருவருக்கு ஜெய்சங்கர் குதிரையில் வரவேண்டும். மூன்றாமவர் சூறாவளியில் சுறா பறக்கும் அமெரிக்கப் படத்தைச் சொல்வார். வேப்பிலையும் பாம்பும் இல்லாமல் என்ன படம் என்று கேட்கவும் ஒருவர் இருப்பார்.

எல்லாமே காசு குறைவாகப் போட்டு எடுத்த படங்கள் என்பதால் எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. இவை ஒவ்வொன்றும் தரும் சந்தோஷம் வேறு, கேட்கும் பொறுமையும் வேறு. தவறான கூட்டத்துக்குத் தவறான படத்தைப் போட்டால் அரை மணி நேரத்தில் எல்லோர் கையிலும் போன் வந்துவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எடைபோட்டுப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, எடுத்தவர்கள் மனதார எடுத்தார்களா என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். படம் மோசம் என்பதாலேயே அதை ரசித்துவிட முடியாது. மோசமான படங்களில் முக்கால்வாசி வெறும் அலுப்பு. கையில் காசு இல்லை, மனதில் மட்டும் பெரிய காட்சி ஒன்று இருக்கிறது, எப்படியாவது அதைத் திரைக்குக் கொண்டுவந்தே தீரவேண்டும் என்று ஒருவர் முட்டி மோதியிருந்தால், அது திரையில் தெரியும். அட்டைப் பாறை ஆடும். ஆனால் அதைத் தூக்குகிற அரக்கன் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவான். சிரிப்பு வரும்போதே அந்த ஆட்கள் மேல் ஒரு பாசமும் வரும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ராத்திரி தேறும்.

பட்ஜெட் சின்னதாக இருக்கவேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. டாமி வைசோ எழுதி, இயக்கி, தானே நடித்த ‘தி ரூம்’ (2003) படத்துக்கு 60 லட்சம் டாலர் செலவானதாகச் சொல்கிறார்கள். நாடகக் கொட்டகை செட் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த மனிதர் காதல் சோகத்தை முழு நம்பிக்கையோடு எடுத்திருக்கிறார். அதனால்தான் அமெரிக்காவில் வருடக்கணக்காக நள்ளிரவுக் காட்சி போட்டு, திரையில் ஸ்பூன் படம் தெரியும்போதெல்லாம் பிளாஸ்டிக் ஸ்பூனை வீசிக் கொண்டாடினார்கள்.

இரண்டாவது, காசுக்குப் பதிலாக எவ்வளவு புத்தியைச் செலவழித்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு தந்திரக் காட்சி முடிந்ததும், “இதை எப்படி எடுத்திருப்பாங்க?” என்று கூட்டத்தில் யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள். கோடிக்கணக்கில் கொட்டிய கிராபிக்ஸ் காட்சிக்கு அந்தக் கேள்வி வராது. கம்ப்யூட்டரில் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். சின்னப் படத்தில் பார்க்கிறவரும் எடுத்தவரோடு சேர்ந்து மண்டையைக் குடைந்துகொள்கிறார்.

அப்புறம் இழுவை. நம் ஊர்ப் படம் என்றால் இரண்டரை மணி நேரம். அதில் நகைச்சுவைத் தனிப்பாதை ஒன்று கதைக்குச் சம்பந்தமில்லாமல் ஓடும். கடைசியாக, கூட உட்கார்ந்திருப்பவர்கள் யார், அவர்கள் முன்னால் ஓடக்கூடாத காட்சி படத்தில் என்ன இருக்கிறது. மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சுருக்கமாக ஒரு அட்டவணை. காரணங்கள் கீழே.

| வகை | மனதார எடுத்ததா | தந்திரமும் புத்தியும் | இழுவை | யாரோடு பார்க்க | எச்சரிக்கை |
|---|---|---|---|---|---|
| விட்டலாச்சார்யா மாயாஜாலம் | முழுக்க | மிக அதிகம் | நடுவில் உண்டு | மூன்று தலைமுறையும் | கவர்ச்சி நடனம், மங்கிய பிரின்ட் |
| ஜெய்சங்கர் துப்பறியும், கௌபாய் படங்கள் | ஆமாம் | நடுத்தரம் | பாட்டு காப்பாற்றும் | நண்பர்கள், பழைய பாட்டுப் பிரியர்கள் | பெண்களைக் காட்டும் விதம் |
| இராம. நாராயணன் அம்மன், விலங்குப் படங்கள் | முழுக்க | நடுத்தரம் | குறைவு | குடும்பம், குழந்தைகள் | பக்தர் மனது, விலங்குகள் |
| அமெரிக்கப் பழைய பி படங்கள் | ஆளைப் பொறுத்தது | அதிகம் | மிகக் குறைவு | சினிமாப் பைத்தியங்கள் | மொழி |
| தெரிந்தே எடுத்த அபத்தம் | இல்லை | குறைவு | பாதிக்குமேல் | அரட்டைக் கூட்டம் | சீக்கிரம் சலிக்கும் |

## விட்டலாச்சார்யாவின் மாயாஜாலம்

உடுப்பிப் பக்கத்தில் பிறந்து, கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் பெயர் எடுத்து, டப்பிங் வழியாகத் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் தெரிந்தவரானவர் பி. விட்டலாச்சார்யா. ஆந்திரத்தில் ‘ஜானபத பிரம்மா’ (நாட்டுப்புறக் கதைகளின் பிரம்மா) என்றார்கள். நமக்கு ‘மாயாஜால மன்னன்’. மந்திரவாதி, மண்டை ஓடு, ஏழு கடல் தாண்டி உயிரை ஒளித்து வைத்திருக்கும் கதை, பேசும் கிளி, சாபம், சாப விமோசனம். பாட்டி சொன்ன கதையைப் பாட்டி சொன்ன வேகத்திலேயே எடுத்தவர்.

1978-இல் வந்த ‘ஜகன்மோகினி’யைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். ஜெயமாலினி மோகினிப் பேய். பேய் ஒரு வீட்டுக்குள் பெண்ணாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சமையல் நடக்கவேண்டும். அவள் அடுப்புக்கு முன் உட்கார்ந்து, விறகுக்குப் பதிலாகத் தன் காலை நீட்டி உள்ளே வைக்கிறாள். கால் எரிகிறது, சமையல் நடக்கிறது, அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இந்த ஒரு காட்சியை 40 வருடத்துக்கு மேல் தமிழ் ஜனங்கள் மறக்கவில்லை.

ஏன் மறக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தால், இதில் இருப்பது வெறும் கோமாளித்தனம் கிடையாது. பேய் பயமுறுத்துவதற்குக் கோட்டையும் குகையும் வேண்டாம், மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும் சமையல்கட்டே போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டில் தினம் நடக்கிற வேலைக்குள் ஒரே ஒரு பொருளை மாற்றி வைக்கிறார். செலவு என்று பார்த்தால் ஒரு மண் அடுப்பு, ஒரு பொம்மைக் கால், கொஞ்சம் மண்ணெண்ணெய். இப்படி ஒரு காட்சிக்கு அதற்குமேல் என்ன தேவை? ஆனால் அந்த யோசனை வர வேண்டுமே.

ஆள் ஆடாக மாறுவது, மறைவது, பறப்பது எல்லாம் சினிமா பிறந்தபோதே பிறந்த வித்தை. பாரிஸில் ஜார்ஜ் மெலியஸ் 1890-களிலேயே செய்தது. கேமராவை அசைக்காமல் நிறுத்து, ஆளை எடு, அதே இடத்தில் ஆட்டை நிறுத்து, மறுபடி ஓட விடு. மெலியஸ் மேடை மந்திரவாதி. விட்டலாச்சார்யாவுக்கு அது தயாரிப்பு நிர்வாகத்துக்கும் உதவியது என்று சினிமா வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். கதாநாயகன் கால்ஷீட்டில் தகராறு செய்தாலோ சம்பளத்தை ஏற்றினாலோ, முனிவர் ஒருவர் வந்து சாபம் கொடுத்துவிடுவார்; மிச்சப் படம் முழுக்கக் கதாநாயகன் கிளியாகவோ ஆடாகவோ நடமாடுவார். நடந்ததோ இட்டுக்கட்டியதோ, அவர் படங்களைப் பார்த்தவர்களுக்கு நம்பத் தோன்றும். கதை எந்த இடத்திலும் எந்தப் பக்கமும் திரும்பலாம் என்ற சுதந்திரம் அவர் படங்களில் அவ்வளவு இருக்கிறது.

இவரைத் துக்கடா இயக்குநர் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: ‘பந்திப்போட்டு’ (1963), ‘லட்சுமி கடாட்சம்’ (1970) என்று என்.டி.ராமராவை வைத்தே படங்கள் செய்தவர். வாள் சண்டைக்குப் பேர்போன ‘கத்தி’ காந்தாராவ் இவர் படங்களின் நிரந்தர வீரர்.

செலவுகளைப் பார்ப்போம். நடுவில் அரசவைக் கோமாளிகள் வந்தால் கதை நின்றுவிடும். கவர்ச்சி நடனங்கள் உண்டு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்த நிமிடங்களுக்கு டீ போடக் கிளம்பிவிடலாம். ஈஸ்ட்மென் கலர் பிரின்ட்கள் பல மங்கிச் சிவப்பேறிக் கிடக்கின்றன. தேடும்போது இன்னொரு சிக்கல்: 2009-இல் நமீதா நடித்து ‘ஜகன்மோகினி’ என்ற அதே பெயரில் தமிழில் ஒரு மறு ஆக்கம் வந்தது. அதைத் தெரியாமல் போட்டுவிட்டு “இதுதானா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1978 என்ற வருடத்தைப் பார்த்து எடுங்கள்.

எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதென்றால் இதற்கு இணை எதுவும் இல்லை. பாட்டி நிஜமாகப் பயப்படுவார், பிள்ளை நிஜமாக வாயைப் பிளக்கும், நடுவயதுக்காரர்கள் சிரிப்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே காட்சியில் மூன்று படம் ஓடும்.

## ஜெய்சங்கர்: சுழல் நாற்காலியும் குதிரையும்

1960-களில் உலகமெல்லாம் ஜேம்ஸ் பாண்ட் காய்ச்சல். அதற்குத் தமிழ்நாட்டின் பதில் சேலத்திலிருந்து வந்தது. டி.ஆர்.சுந்தரம் கட்டி எழுப்பிய மாடர்ன் தியேட்டர்ஸ், அவருக்குப் பின் மகன் ராமசுந்தரம் காலத்தில் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ இரண்டும் 1966. ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970. ஜெய்சங்கருக்கு ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்று ஒரு பட்டம். வாரா வாரம் படம் வெளியானதால் ‘வெள்ளிக்கிழமை ஹீரோ’ என்று இன்னொன்று. தயாரிப்பாளர்களை அலைக்கழிக்காத நடிகர் என்று பெயர் வாங்கியவர். சின்ன பட்ஜெட்காரர்களுக்கு அவர் ஒரு வரம்.

இந்தப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது வில்லனின் ரகசிய அறை. ஆர்.எஸ்.மனோகர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு பலகை. அதில் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள் எரிந்து எரிந்து அணையும், கறுப்பு வெள்ளைப் படத்தில் நாமே நிறம் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பல்புகள் எதற்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு நெம்புகோலை இழுத்தால் சுவர் நகரும். ப்ளைவுட் சுவர்தான், நகரும்போது லேசாக ஆடவும் செய்யும். ஆனால் மனோகர் அந்த நெம்புகோலை இழுக்கும் தோரணையைப் பாருங்கள். நாடக மேடையில் தந்திரக் காட்சிகளுக்கே பேர்போன மனிதர் அவர்; தன் கையில் உலகமே இருப்பதாக நம்பி இழுக்கிறார். அந்த நம்பிக்கை ப்ளைவுட்டைக் கான்கிரீட் ஆக்கிவிடுகிறது.

கதை தொய்ந்தால் வேதாவின் இசை வந்து தூக்கும். இந்தி மெட்டுகளைத் தழுவியவர் என்று அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’யைப் பெரிய ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசட்டும். இந்த ஐந்து வகையில், படத்தைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்திருப்பவரையும் திருப்பிவிடும் சக்தி இந்தப் பாட்டுகளுக்கு மட்டும்தான் உண்டு.

இரண்டாவது கிளை, கர்ணனின் கௌபாய் படங்கள். ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972). இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்களின் தாக்கம் அப்பட்டமாகத் தெரியும். தொப்பி, துப்பாக்கி, குதிரை எல்லாம் நம் ஊர்ச் செம்மண்ணில் எப்படி வந்தன என்று படம் விளக்கம் சொல்லாது. கர்ணன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். காசு செட்டுக்கு இல்லாதபோது கேமராவைத் தரையோடு தரையாக வைத்துக் குதிரையின் குளம்பு நம் முகத்தில் படுகிற மாதிரி எடுப்பார். வெட்டவெளியும் புழுதியும்தான் செட். அந்தத் துரத்தல் காட்சிகள் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காரவைக்கும்.

ஆனால் இந்தப் படங்களில்தான் மறைந்திருக்கும் செலவும் அதிகம். குளிக்கும் காட்சி, பலாத்காரக் காட்சி என்று கேமரா பெண்களைப் பார்க்கும் பார்வை பல இடங்களில் அருவருப்பானது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தோடு பார்ப்பதாக இருந்தால் சேலம் துப்பறியும் படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கௌபாய் வேண்டும் என்றால் முன்னாலேயே ஒருவர் தனியாகப் பார்த்துவைத்து, தாண்டவேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வது நல்லது.

## இராம. நாராயணன்: அம்மன், பாம்பு, குரங்கு, யானை

இயக்குநர், காரைக்குடிக்காரர். 120-க்கும் மேற்பட்ட படங்கள், ஒன்பது மொழிகள். 1989-இல் சட்டமன்ற உறுப்பினர். ‘ஆடி வெள்ளி’, ‘துர்கா’ இரண்டும் 1990. ‘ராஜகாளி அம்மன்’, ‘பாளையத்து அம்மன்’ இரண்டும் 2000. பி, சி சென்டர்கள் எனப்படும் சிறு நகர, கிராமத் தியேட்டர்களில் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்த படங்கள் இவை.

‘பாளையத்து அம்மன்’ தொடங்கும் விதத்தைப் பாருங்கள். குழந்தை கோயில் உண்டியலில் விழுந்துவிடுகிறது. உண்டியலில் விழுந்தது கோயிலுக்குச் சொந்தம். அப்படியானால் குழந்தை? சிரிக்கலாம், ஆனால் ஒரே வரியில் இவ்வளவு இறுக்கமான முடிச்சைப் போடுவது சாதாரண வேலை கிடையாது. பெற்றவள் ஒரு பக்கம், வளர்க்கும் அம்மன் ஒரு பக்கம். அதன்பிறகு திரையில் கிராபிக்ஸ் எப்படி இருந்தால் என்ன, கதை பிடித்துக்கொண்டுவிட்டது.

இவரைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. 1981-இல் ‘சிவப்பு மல்லி’ எடுத்தவரும் இவர்தான். விஜயகாந்த், சந்திரசேகர் நடித்த, முதலாளியை எதிர்த்துத் தொழிலாளி கொதிக்கும் படம். அந்தக் கொதிப்பும் அம்மன் படமும் ஒரே ஆளிடமிருந்து வந்ததில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. இரண்டிலும் அநியாயம் செய்கிறவன் ஊர்ப் பெரிய மனிதன். போலீஸும் கோர்ட்டும் அவன் பக்கம். ஏழைக்குக் கேட்க நாதியில்லை. ஒரு படத்தில் அரிவாளும் கொடியும் வருகின்றன. இன்னொன்றில் பாம்பும் யானையும் சூலமும் வருகின்றன. கிளைமாக்ஸில் அம்மன் வில்லனை வதம் செய்யும்போது தியேட்டரில் பெண்கள் சாமி வந்து ஆடியதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இழுவை இந்தப் படங்களில் குறைவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது மிருகம் வந்து ஏதாவது செய்யும். குரங்கு பால்குடம் எடுக்கும் அளவுக்கெல்லாம் போவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

செலவு இரண்டு. ஒன்று, விலங்குகள். இன்று படத்தில் விலங்கைக் காட்ட விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். பழைய படங்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வாய் கட்டிய பாம்பையும் அங்குசத்துக்குப் பயந்த யானையையும் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறவர்கள் இருந்தால் இந்த வகையை விட்டுவிடுங்கள். இன்னொன்று, கூடத்தில் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர் ஒருவராவது இருப்பார். அம்மன் வரும் இடத்தில் மற்றவர்கள் சிரித்தால் அவருக்கு வலிக்கும். அது அவருடைய குலதெய்வத்தின் படம். சிரிப்பதற்காகவே கூடுகிறீர்கள் என்றால் இந்த வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பார்ப்பதற்காகக் கூடுகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடலாம், சிரிப்பு தானாக வரும் இடத்தில் வந்துகொள்ளும்.

## அமெரிக்கப் பழைய பி படங்கள்

‘பி படம்’ என்ற ஏற்பாடே இங்கேதான் தொடங்கியது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கூட்டம் குறைந்ததும், ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்று தியேட்டர்கள் இறங்கின. பெரிய படத்தோடு ஒட்டிவரும் சின்னப் படம்தான் பி. அதனால் ஒரு பெரிய நன்மை: இவை குட்டிப் படங்கள். அந்த வழக்கம் பின்னாலும் தொடர்ந்தது. எட் வுட்டின் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ 79 நிமிடம். ரோஜர் கார்மனின் ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ (1960) அதைவிடக் குறைவு, 72 நிமிடம்தான்.

எட் வுட்டின் கதை கேட்டாலே மனசு உருகும். டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பேலா லுகோசி 1956-இல் இறந்துபோனார். அவரை வைத்து எடுத்த சில நிமிடத் துண்டுகள் மட்டும் எட் வுட்டிடம் இருந்தன. அதை வைத்தே ‘பிளான் 9’ படத்தில் அவரை நடிக்கவைத்தார். மிச்சக் காட்சிகளுக்குத் தன் மனைவிக்குத் தெரிந்த ஒரு முதுகெலும்பு வைத்தியரைப் பிடித்தார். உயரமும் முகமும் ஒத்துப்போகவில்லை. ஆகவே அவர் படம் முழுக்க அங்கியால் முகத்தை மூடிக்கொண்டே நடப்பார். கல்லறைக் கற்கள் ஆடும், ஒரே காட்சிக்குள் பகலும் இரவும் மாறி மாறி வரும், விமான ஓட்டியின் அறைக்குத் தடுப்பாக ஒரு திரைச்சீலை தொங்கும். எட் வுட் இறந்தது 1978-இல். இரண்டு வருடம் கழித்து ஒரு புத்தகம் அவருக்கு ‘உலகின் மிக மோசமான இயக்குநர்’ பட்டம் கொடுத்தது. மோசம் என்று சொல்லிக்கொண்டே 40 வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களே, அதற்குப் பெயர் வேறு. செத்துப்போன நண்பனைக் கடைசியாக ஒருமுறை திரையில் நடக்கவைத்த படம் அது.

கார்மன் வேறு ரகம். கணக்குப்பிள்ளை மூளை. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த செட்டைப் பிடித்து ‘லிட்டில் ஷாப்’பின் பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்தார். மனிதர்களைத் தின்னும் செடி ஒன்று “பசிக்குது” என்று கத்தும் கதை. பல் டாக்டரிடம் ஆசையாக வலியை அனுபவிக்க வரும் நோயாளியாக இளம் ஜாக் நிக்கல்சனைப் பார்க்கலாம். 2024-இல் 98 வயதில் காலமான கார்மனை, கொப்போலா, ஸ்கார்சேஸி போன்ற பெரிய இயக்குநர்களுக்கு ஆரம்ப வாய்ப்பு கொடுத்தவர் என்று ஹாலிவுட் கொண்டாடியது. சின்னப் படம் ஒரு பள்ளிக்கூடமாகவும் இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

இங்கே செலவு மொழிதான். பாதிச் சிரிப்பு அந்த வசனங்களின் அசட்டுத்தனத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தை ஓட்டமாகப் பின்தொடர முடியாதவருக்கு ஆடும் கல்லறை மட்டும்தான் மிஞ்சும். சப்டைட்டில் போட்டால் வசனம் புரியும், அசடு புரியாது. எல்லோரும் சினிமா பேசுகிறவர்கள் என்றால் இது அருமையான தேர்வு. ஒரே ராத்திரியில் இரண்டு படமும் பார்த்து முடிக்கலாம். ‘லிட்டில் ஷாப்’ அமெரிக்காவில் காப்புரிமை இல்லாத படம் என்பதால் கிடைப்பதிலும் சிரமம் இல்லை.

## தெரிந்தே எடுத்த அபத்தம்

‘ஷார்க்நேடோ’ 2013 ஜூலையில் அமெரிக்க டிவியில் வந்தது. கடலிலிருந்து சூறாவளி சுறாக்களை அள்ளிக்கொண்டு வந்து லாஸ் ஏஞ்சலஸ் மேல் கொட்டுகிறது. ட்விட்டரில் ஊரே அதைப் பற்றிப் பேசியது. 2018-க்குள் ஆறு பாகம் ஆகிவிட்டது.

முதல் இருபது நிமிடம் நன்றாகத்தான் இருக்கும். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. படமே நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறது: “பார், எவ்வளவு முட்டாள்தனம்!” அதை நாம் கண்டுபிடிக்க விட்டால்தானே சுவை. இங்கே யாரும் எதற்காகவும் முட்டி மோதவில்லை.

தெரிந்தே எடுத்தாலும் அன்பு இருந்தால் கதை வேறு. சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ (2010) அதற்கு நல்ல உதாரணம். நம் கௌபாய் படங்களை உட்கார்ந்து ரசித்துப் பார்த்த ஒருவரின் படம். அதில் வரும் ஊருக்கே ஜெய்சங்கரின் பெயரை வைத்திருக்கிறார். ஜெய்சங்கரின் பழைய படத்துக்குக் கூட்டத்தைத் தயார்படுத்த, முதலில் இதைப் போடலாம்.

‘ஷார்க்நேடோ’ வகைக்கு ஒரே ஒரு நல்ல சந்தர்ப்பம் இருக்கிறது. வந்தவர்கள் ரொம்ப நாள் கழித்துச் சந்திக்கிறார்கள், பேச நிறைய இருக்கிறது, டிவி பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்றால் இதைப் போடுங்கள். பத்து நிமிடம் பார்க்காமல் விட்டாலும் எதுவும் போகாது.

## அப்போ எதைப் போடுவது?

வந்திருப்பவர்களின் வயது கலந்து இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 1978 ‘ஜகன்மோகினி’. இதுவரை இந்த மாதிரிப் படமே பார்த்திராத ஒருவரை இழுக்கவும் அதுதான் என் முதல் தேர்வு. நண்பர்கள் மட்டும், அதிலும் பாட்டுப் பைத்தியம் இரண்டு பேர் இருந்தால் ‘வல்லவன் ஒருவன்’. ஆடி மாதம், அம்மா, அத்தை, சின்னப் பிள்ளைகள் என்றால் ‘பாளையத்து அம்மன்’. மறுநாள் வேலைக்குப் போகவேண்டும், ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது, ஆங்கிலம் சிக்கல் இல்லை என்றால் ‘பிளான் 9’. சென்னையில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் ‘ஜகன்மோகினி’யில் டப்பிங் உதடு ஒட்டாதது முதலில் உறுத்தும். ஒரு பேய் வந்துவிட்டால் மறந்துவிடுவார்கள்.

எந்த வகையாக இருந்தாலும் மூன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிரின்ட்டை முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். முகம் தெரியாத, பாதி வசனம் வெட்டுப்பட்ட பிரதியில் எந்த மாயமும் வேலை செய்யாது, அப்படியானால் அடுத்த தேர்வுக்குப் போய்விடுங்கள். நகைச்சுவைத் தனிப்பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நேரத்தைக் குறித்துவைத்து அதைத் தாண்டிவிடலாம், பாவமில்லை. பாட்டையும் சண்டையையும் மட்டும் தாண்டாதீர்கள். அப்புறம், முதல் கால் மணி நேரம் யாரும் கமென்ட் அடிக்கக் கூடாது என்று ஒரு விதி போடுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் படத்தில் வருகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு வரும் கமென்ட் எல்லாம் படத்துக்குள்ளிருந்து வரும், வெளியே நின்று கல் எறிவதாக இருக்காது.